பழைய பங்களாவின் விறகு பொய்லரை மறுபடி மூட்டலாமா?

நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் பழைய பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறீர்கள். ஏப்ரல் சீசனுக்குள் நாலு அறையை விருந்தாளிகளுக்குத் திறக்கவேண்டும். குசினியின் பின்சுவரோடு நிற்கும் விறகு பொய்லரை ஆறு வருஷமாக யாரும் தொடவில்லை. போன வாரம் மூட்டிப் பார்த்தீர்கள். அரைமணி நேரத்தில் உள்ளே ‘டொக், டொக்’ என்று இடி, குளியலறையில் பழுப்புத் தண்ணீர். பயந்துபோய்க் கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டீர்கள். மேசன் பாஸ் “ஒன்றும் ஆகாது, மூட்டுங்கள்” என்கிறார். கரண்ட் வேலைக்காரர் “கழற்றி எறிந்துவிட்டு நாலு கீசர் போடுங்கள்” என்கிறார். யூடியூப்பில் ஒருவர் வருஷத்துக்கு ஒருதடவை வினிகர் ஊற்றச் சொல்கிறார். எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. ஆனால் கேள்விக்குள்ளே வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: இது வெடிக்குமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஹீட்டர், பொய்லர் பக்கம் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவன். அதற்குப் பிறகு நுவரெலியா, ஹட்டன், ஹப்புத்தளைப் பக்கத்துப் பங்களாக்களில் சுடுதண்ணிப் பைப் வேலைதான் என் பிழைப்பு. இஞ்சினியர் பட்டம் எதுவும் கிடையாது. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இரும்புத் தகடு உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது எந்தப் படத்திலும் தெரியாது. அதை நேரில் தட்டிப் பார்த்தால்தான் சொல்லமுடியும்.

பெயர்தான் பொய்லர், அதைக் கொதிக்க விடவே கூடாது. ஸ்டோரில் இருக்கும் நீராவி பொய்லர் வேறு சாதி. அது அழுத்தத்தை அடக்கி வைத்து வேலை வாங்குவது. அதற்கு 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது. உங்கள் குசினிச் சுவரில் நிற்பது தண்ணீரைச் சுடவைத்து மேலே அனுப்பும் ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். நெருப்புப் பெட்டியைச் சுற்றி இரட்டைச் சுவர், அந்தச் சுவருக்குள் தண்ணீர். சூடான தண்ணீர் லேசாகி மேல் பைப் வழியே செம்புச் சிலிண்டருக்கு ஏறும். குளிர்ந்த தண்ணீர் கனமாகி அடிப் பைப் வழியே இறங்கி வரும். பம்ப் இல்லை, கரண்ட் இல்லை. சீலிங்குக்கு மேலே ஒரு பச்சைத்தண்ணி டேங்கி. சிலிண்டரின் உச்சியிலிருந்து ஒரு பைப் அந்த டேங்கியையும் தாண்டி உயர்ந்து, குடைக் கைப்பிடி போல் வளைந்து, டேங்கியின் மேல் வாய் கவிழ்ந்து நிற்கும். அதுதான் வென்ட் பைப். அந்த வாய் திறந்திருக்கும் வரை, பெட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள பைப்கள் அடைக்காத வரை, பெட்டிக்குள் தண்ணீர் இருக்கும் வரை, இது வெடிக்காது. அந்த வாய் அடைத்து, டேங்கியிலிருந்து வரும் பைப்பிலும் யாராவது வால்வைப் பூட்டியிருந்தால் வெடிக்கும். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். 200 லீட்டர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 85 பாகைக்குச் சுடவைத்தால் அது ஆறு லீட்டர் அளவுக்கு விரியும். அந்த ஆறு லீட்டருக்குப் போக ஓர் இடம் வேண்டும். அதற்கு மேலும் நெருப்பு எரிந்து நீராவியானால், ஒரு லீட்டர் தண்ணீர் 1,600 லீட்டருக்கு மேல் இடம் கேட்கும். கீசரில் தண்ணீர் சுட்டதும் தேர்மோஸ்டாட் கரண்டை வெட்டிவிடும். விறகு நெருப்புக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. மூட்டியவன் போய்ப் படுத்துவிட்டாலும் கட்டை எரிந்து முடியும் வரை அது சுட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆகவே பராமரிப்பு என்றால் எனக்கு முதல் வேலை ஏணி போட்டு மேலே ஏறுவது. மற்றதெல்லாம் பிறகு.

மேலே போனால் டோர்ச் அடித்து வென்ட் பைப்பின் வாயைப் பாருங்கள். மலைநாட்டில் அந்த வாயை அடைப்பது பெரும்பாலும் மண்குளவி. ஆறு வருஷம் சூடு ஏறாத அரை அங்குலம், முக்கால் அங்குலம் பைப் என்றால் அதற்கு மாளிகை கிடைத்த மாதிரி. இரண்டாவது எதிரி மனிதன். வென்டிலிருந்து சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறது என்று முனையில் மூடி போட்டு இறுக்கியிருப்பான், அல்லது நடுவில் ஒரு வால்வு வைத்திருப்பான். வென்ட் பைப்பில் வால்வு, மூடி, எதுவும் கூடாது. உங்கள் இரண்டாவது படத்தில் சிலிண்டருக்குப் பக்கத்தில் சிவப்புச் சக்கரத்தோடு ஒரு கேட் வால்வு தெரிகிறது. அது டேங்கியிலிருந்து வரும் பச்சைத்தண்ணிப் பைப்பில் இருந்தால் பரவாயில்லை, அதையும் முழுக்கத் திறந்துவைத்துச் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வென்டில் இருந்தால் அந்த வால்வையே கழற்றிவிட்டு நேர்ப் பைப் போடும் வரை தீக்குச்சி உரசவேண்டாம்.

வென்ட் பைப்பின் அருமையை நான் கற்றது என் சொந்தக் கைத்தவறால். தொழிலில் இறங்கிய புதிதில் ஒரு பங்களாவில் சிலிண்டரைக் கழுவப் போனேன். அடிக் கொக்கில் (தண்ணீரை வடிக்கும் குழாயில்) ஹோஸ் பைப்பை மாட்டி, அழுக்குத் தண்ணீர் முற்றத்தில் போகவேண்டாமே என்று படிக்கட்டுக்குக் கீழே பத்து அடி இறக்கத்தில் இருந்த தேயிலைக் கானுக்குள் (வடிகாலுக்குள்) விட்டேன். டேங்கி வால்வைப் பூட்டினேன், கொக்கைத் திறந்தேன், பங்களா அப்பு கொடுத்த பிளேன்டீயை வாங்கிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் இருக்கும். உள்ளே ‘டொம்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், செம்புச் சிலிண்டர் காலால் மிதித்த பால் டின் மாதிரி ஒரு பக்கம் உள்ளே ஒட்டிக் கிடக்கிறது. வென்டின் வாய் முழுக்கக் குளவி மண். தண்ணீர் வெளியே போகப்போக உள்ளே காற்று வர வழியில்லை. பத்து அடி இறக்கத்தில் தொங்கும் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீற்றரிலும் 300 கிராம் இழுக்கும். 45 சென்டிமீற்றர் அகலமுள்ள சிலிண்டரின் தலையில் மட்டும் அது கிட்டத்தட்ட அரை டன். மெல்லிய செம்பு என்ன செய்யும்? மூன்று மாதச் சம்பளத்தில் கழித்தார்கள். அதிலிருந்து சிலிண்டரைக் காலிசெய்யும் முன் வீட்டிலேயே உயரமான சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவைத்துவிட்டுத்தான் கீழே கொக்கைத் தொடுவேன்.

சரி, உங்கள் ‘டொக் டொக்’ சத்தம். பெட்டிக்குள் எங்கோ ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் கொதித்து நீராவிக் குமிழியாகிறது. அந்தக் குமிழி குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் சட்டென்று உடைகிறது. அந்த உடைவுதான் சுத்தியலால் அடிப்பது போல் கேட்கிறது. சுற்றோட்டம் தடைப்பட்டிருக்கிறது என்பது நிச்சயம். எதனால் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் நீங்களே கண்டுபிடிக்கலாம். வென்டும் தண்ணீரும் சரி என்று உறுதியான பிறகு, பழைய பத்திரிகையும் நாலு சுள்ளியும் போட்டுச் சின்ன நெருப்பு ஒன்று மூட்டுங்கள். கையை மேல் பைப்பில் வையுங்கள். சூடு அடி அடியாக மேலே ஏறுவது உள்ளங்கையில் தெரியவேண்டும். பொய்லரை விட்டு மூன்று அடியில் தொடமுடியாத சூடு, சிலிண்டர் வாசலில் பச்சைத்தண்ணி என்றால் நடுவில் அடைப்பு. இந்தப் பைப்கள் பொய்லரிலிருந்து சிலிண்டர் வரை ஏறுமுகமாகவே போகவேண்டும். நடுவில் மேடு தட்டினால் காற்று நிற்கும், வயிறு விழுந்தால் சேறு நிற்கும். சுவர் பூசும்போது பைப்பைத் தாங்கிய கொக்கியைப் பிடுங்கிவிட்டு, பூசி முடித்ததும் கிடைத்த இடத்தில் அடித்துவிட்டுப் போன மேசன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் குசினிச் சுவரில் புதுப் பூச்சு தெரிகிறது. அங்கேதான் முதலில் மட்டம் வைத்துப் பார்ப்பேன்.

இங்கே உயரமும் ஒரு விஷயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். இந்த உயரத்தில் திறந்த டேங்கியில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். சிலிண்டரில் இருக்கும் தேர்மோமீற்றர் 90 காட்டினால், கொழும்புக்காரர் “இன்னும் பத்து இருக்கிறதே” என்று நினைப்பார். நமக்கு நாலுதான் இருக்கிறது. வென்ட் வழியாக டேங்கிக்குள் ‘களக் களக்’ என்று சுடுதண்ணி கொட்டத் தொடங்கினால் நெருப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். நெருப்புக்குக் காற்று போகும் காற்றுக் கதவைச் சாத்தி, குளியலறையில் சுடுதண்ணிக் குழாயைத் திறந்து சூட்டை இறக்குங்கள்.

இப்போது வினிகர். அந்தக் காணொளிக்காரர் பொய் சொல்லவில்லை, அவருடைய ஊர்த் தண்ணீர் வேறு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடந்து வருவது. அங்கே ஒரு கேத்தலைச் சில வாரம் பாவித்தாலே உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படை கட்டும். பொய்லருக்குள்ளும் அதேதான் கட்டும், அதைக் கரைக்க அமிலம் வேண்டும். நம்முடைய மலை ஊற்றுத் தண்ணீர் கெட்டிப் பாறைமேல் ஓடி வருவது, சுண்ணாம்பு மிகக் குறைவு. பீலிக்கரையில் சவர்க்காரம் போட்டால் நுரை போகாமல் வழுவழு என்று நிற்பது அதனால்தான். உங்கள் குசினிக் கேத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் படை இல்லையென்றால் பொய்லருக்கும் வினிகர் தேவையில்லை. தேவையில்லை என்பதோடு நின்றாலும் பரவாயில்லை, கெடுதலும் வரும். பழைய இரும்பில் சில ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருப்பதே துருப் பொருக்குத்தான். அமிலம் ஊற்றினால் அது கரையும், அன்றைக்கே ஒழுகும்.

நம்முடைய தண்ணீரின் குணம் வேறு. கட்டாது, தின்னும். சுண்ணாம்பு இல்லாத, லேசாகப் புளிப்புப் பக்கம் சாய்ந்த தண்ணீர் இரும்பையும் செம்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். குளியல் தொட்டியில் குழாய் சொட்டும் இடத்தில் நீலப்பச்சைக் கறை இருந்தால் அது உங்கள் செம்புப் பைப்பின் ஒரு பகுதி. செம்புப் பைப்புக்குப் பின்னால் ஜி.ஐ. பைப்பை (நாகம் பூசிய இரும்புப் பைப்பை) பொருத்தினால் தண்ணீரோடு வரும் செம்பு அந்தப் பைப்பின் நாகப் பூச்சைத் தின்றுவிடும். ஆகவே பழுது பார்க்கும்போது கடையில் இருந்தது என்று இரண்டையும் கலக்காதீர்கள். சாதாரண வெள்ளைப் பி.வி.சி. பைப் சுடுதண்ணிக்கு ஆகவே ஆகாது, இளகித் தொங்கும். இன்னொன்று. பழைய பங்களாக்களில் ஈயப் பற்றுவைப்பு, சிலவற்றில் ஈயப் பைப்பே உண்டு. அதனால் சுடுதண்ணிக் குழாயில் பிடித்துத் தேத்தண்ணி போடக் கூடாது என்று குசினியில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லிவையுங்கள். பச்சைத்தண்ணியைக் கேத்தலில் காய்ச்சிக் கொள்ளட்டும்.

பழுப்புத் தண்ணீரைப் பிரித்துப் பார்க்க ஒரு சின்ன வழி. காலையில் பச்சைத்தண்ணிக் குழாயில் ஒரு கண்ணாடி கிளாஸ், சுடுதண்ணிக் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்து ஜன்னலில் வையுங்கள். இரண்டும் பழுப்பு என்றால் மலையிலிருந்து வரும் சேறு, பொய்லரைக் குறை சொல்லவேண்டாம். டேங்கிக்கு முன்னால் ஒரு வடிகட்டி போதும். சுடுதண்ணி மட்டும் பழுப்பு என்றால் உள்ளேதான் துரு. அடிக் கொக்கில் பிடித்த வண்டலை ஒரு சோசரில் ஊற்றி வெயிலில் காயவைத்து, சோசருக்கு அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். கறுப்புத் தூள் காந்தத்தோடு ஓடினால் இரும்பு அரிக்கிறது. ஓடாவிட்டால் மண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, செந்துருவும் காந்தத்துக்கு அவ்வளவாக அசையாது. ஆறு வருஷம் பாதித் தண்ணீரோடு கிடந்த பெட்டி என்பதால் உங்களுடையதில் துருதான் என்று நான் பந்தயம் கட்டுவேன், ஆனால் பந்தயம்தான்.

இரும்பு, ஓடும் காலத்தைவிடச் சும்மா கிடக்கும் காலத்தில்தான் அதிகம் சாகிறது. முழுக்க நிரப்பி மூடிவைத்த தண்ணீரில் இருக்கும் கொஞ்சக் காற்றும் தீர்ந்தபிறகு துரு மெதுவாகிவிடும். முழுக்கக் காய்ந்திருந்தாலும் பிழைக்கும். பாதித் தண்ணீர், பாதிக் காற்று என்பதுதான் கொலை. நெருப்புப் பக்கமும் அப்படியே. கரியும் சாம்பலும் மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சி, தகட்டோடு ஒட்டிக் கிடந்து தின்னும். இனி எப்போதாவது ஒரு மாதத்துக்கு மேல் மூட்டப்போவதில்லை என்றால், கரியைச் சுரண்டி, சாம்பலை அள்ளி, புகைபோக்கியின் தலையை மூடி, தண்ணீரை முழுக்க நிரப்பி விட்டுவிடுங்கள்.

இனித் தகட்டுக்கு வருவோம். நெருப்புப் பெட்டியைச் சுத்தமாகச் சுரண்டியபின் கண்ணாடி மாட்டிக்கொண்டு சின்னச் சுத்தியலால் நாலு அங்குலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘கிண்’ என்று பேசும். மெலிந்த இடம் ‘பொத்’ என்று சொல்லும், சில சமயம் சுத்தியலே உள்ளே போய்விடும். போனால் நல்லதுதான், விருந்தாளி குளிக்கும்போது போவதற்கு இன்று போகட்டும். தட்டலில் தேறினால் தண்ணீரை நிரப்பி, புதுத் தண்ணீர் வராதபடி டேங்கியின் பந்து வால்வை ஒரு குச்சி வைத்துக் கட்டிவிட்டு, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இரவு யாரும் குழாயைத் திறக்கவேண்டாம். காலையில் கோடும் தண்ணீரும் சேர்ந்திருந்தால் பெட்டி தண்ணீரைப் பிடிக்கிறது. இன்னும் ஒரு ஏமாற்று உண்டு: குளிர்ந்த பெட்டியில் நெருப்பு மூட்டியதும் முதல் அரைமணி நேரம் உள்தகட்டில் வியர்வை வழியும். புகையில் இருக்கும் ஈரம் அது. ஒழுக்கு என்று பயப்படுகிறார்கள். தண்ணீர் நன்றாகச் சுட்டபிறகும் சொட்டினால்தான் ஒழுக்கு.

அந்தச் சுரண்டும் வேலைக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. சிலிண்டரையும் பைப்களையும் சுற்றிச் சுண்ணாம்புச் சாந்து போல வெள்ளையாக, உதிர்கிற மாதிரி பழைய உறை ஒன்று உங்கள் மூன்றாவது படத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து உறைகளில் அஸ்பெஸ்டஸ் (தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) கலந்தது நிறைய. உங்களுடையது அதுவா என்று படத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது, ஆனால் அதுதான் என்றே வைத்துக்கொண்டு நடங்கள். காய்ந்தபடி சுரண்டவேண்டாம், கூட்டவேண்டாம். உடையாத இடத்தில் துணி சுற்றிப் பெயின்ட் அடித்து அப்படியே விட்டுவிடலாம். உதிர்ந்துகொண்டிருந்தால் அதை அகற்றத் தெரிந்த ஆளைத்தான் கூப்பிடவேண்டும்.

விறகைப் பற்றி. கிரெவிலியா, தோட்டத்தில் சவுக்கு என்கிறோமே, அது நல்ல விறகு. யூகலிப்டஸ் கட்டையும் நல்லது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியபின் கிடைக்கும் மிலாறுச் சுள்ளி பற்றவைக்க அருமை. பைன் கட்டை போட்டால் சிம்னியில் தார் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் குற்றவாளி மரம் அல்ல, ஈரம். எந்த மரமானாலும் ஈரமாகப் போட்டால் நெருப்பு தண்ணீரைக் காயவைப்பதிலேயே சூட்டைச் செலவழித்து, மீதியைப் புகையும் தாருமாகச் சிம்னியில் பூசும். அந்தத் தார் ஒருநாள் சிம்னிக்குள்ளேயே தீப்பிடிக்கும். பிளந்து, கூரைக்குக் கீழே, பக்கங்கள் திறந்து அடுக்கி ஆறு மாதமாவது காயவிடுங்கள், ஒரு வருஷம் என்றால் இன்னும் நல்லது. 200 லீட்டரை 15இலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவரச் சுமார் பத்தரை யுனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யுனிட்) சூடு தேவை. காய்ந்த விறகு கிலோவுக்கு நாலு யுனிட் வரை தரும், அதில் பாதி சிம்னியில் போனாலும் ஐந்தாறு கிலோவில் வேலை முடியும். பச்சை விறகில் இரண்டு மடங்கு போட்டும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் நிற்கும். மூட்டுகிற காலத்தில் மாதத்துக்கு ஒருதடவை சிம்னியைத் துடையுங்கள். ஒரே அளவு விறகுக்குச் சிம்னி தகரம் வழக்கத்தைவிட அதிகம் சுடுகிறதென்றால், உள்ளே கரி படிந்து சூடு தண்ணீருக்குப் போகாமல் வானத்துக்குப் போகிறது.

குளிர் என்று குசினியின் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு இதை எரிக்கவேண்டாம். விருந்தாளி குளிருகிறது என்று சொன்னால் அறைக்குள் தணல் சட்டி வைக்கும் பழக்கமும் வேண்டாம். நெருப்பிலிருந்து வரும் கரி வாயுவுக்கு (கார்பன் மொனொக்சைட்) மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

நெருப்பு எரியும்போது டேங்கியில் தண்ணீர் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதை, மூட்டும் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுங்கள். வறண்டு சிவந்த இரும்பில் பச்சைத்தண்ணியை விடவே கூடாது. ஒன்றில் தகடு பிளக்கும், அல்லது தண்ணீர் ஒரே நொடியில் நீராவியாகிப் பாயும். கட்டைகளை இழுத்து வெளியே போடுங்கள், முடியாவிட்டால் சாம்பலோ மணலோ அள்ளிப்போட்டுக் காற்றுக் கதவைச் சாத்துங்கள். பிறகு கைவைத்தால் சுடாத வரை, மறுநாள் ஆனாலும், தண்ணீர் விடவேண்டாம்.

ஆறு வருஷம் தேங்கிய சிலிண்டர் என்பதால் ஒரு சுகாதார விஷயமும் இருக்கிறது. 20 முதல் 45 பாகை வரையான வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்ற கிருமி செழிக்கும். ஷவர் தூவானத்தோடு மூச்சுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும். டேங்கியைக் கழுவி, எலியும் வௌவாலும் போகாத மூடி போட்டு, சிலிண்டரை இரண்டு தடவை காலிசெய்து நிரப்பி, 60 பாகைக்கு மேல் சுடவைத்து எல்லாக் குழாயையும் ஓடவிடுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு அதைச் செய்யுங்கள். அதன் பிறகும் சிலிண்டர் 60இல்தான் நிற்கவேண்டும். ஆனால் 60 பாகைத் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கும் என்பதால், குளியலறையில் கலந்து தரும் மிக்சர் குழாய் அவசியம், பிள்ளைகள் வரும் வீடு.

ஷவரில் வேகம் போதாது என்று விருந்தாளி முறையிடுவார், உடனே யாராவது டேங்கிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் பிரஷர் பம்ப் வைக்கச் சொல்வார்கள். வைத்தால் தண்ணீர் வென்ட் வழியாகச் சீலிங்கில் கொட்டும். அடுத்து வென்டுக்கு மூடி போடுவார்கள். அந்தக் கதை எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். டேங்கியை உயர்த்துங்கள், அல்லது சுடுதண்ணி தாங்கும் பம்பைச் சிலிண்டரைத் தாண்டி ஷவர் பக்கம் வையுங்கள். அதேபோல வெளிநாட்டுக் காணொளி பார்த்துப் பனியில் உறையாமலிருக்க ஆன்டிஃப்ரீஸ் ஊற்றவேண்டாம். தை, மாசியில் நம் புல்வெளியில் வெள்ளைப் பனி பூக்கும் என்றாலும் வீட்டுக்குள் பைப் உறைவதில்லை. குளிக்கிற தண்ணீரில் ஊற்றக்கூடிய சாமானும் அல்ல, அது நஞ்சு.

வருஷக் கணக்கு என்று கேட்டால், பெரிய வேலையை மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள், சீசனுக்கு முன்னால், மழை குறைந்த நேரம். வென்ட், டேங்கி, தட்டிப் பார்ப்பது, சிம்னி, பைப்பின் ஏற்றம், எல்லாம் அப்போது. அடிக் கொக்கை மூன்று மாதத்துக்கு ஒருதடவை முழுக்கத் திறந்து அரை வாளி விட்டால் போதும். தண்ணீர் கலங்கி வரும் மழை மாதங்களில் மாதம் ஒருதடவை.

கீசரா பொய்லரா என்ற கேள்விக்கு என் நேர்மையான பதில், அது விறகு உங்களுக்கு என்ன விலைக்குக் கிடைக்கிறது, காலை ஐந்து மணிக்கு மூட்ட ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. 50 லீட்டர் கீசர் ஒருதடவை சுட 2.6 யுனிட் எடுக்கும், உங்கள் பில்லில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு கீசர் ஒரே நேரத்தில் இழுத்தால் பழைய பங்களா வயரிங் தாங்குமா என்பதை அந்தக் கரண்ட் வேலைக்காரரிடமே கேளுங்கள், ட்ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்றும் சேர்த்து. நான் செய்தால், தகடு ‘கிண்’ என்று சொன்னால் பொய்லரை வைத்துக்கொள்வேன். ‘பொத்’ என்றால் பெட்டியை மட்டும் மாற்றுவேன். செம்புச் சிலிண்டர் நசுங்காமல் ஒழுகாமல் இருந்தால் அதை எறியவேண்டாம். இம்மேர்ஷன் ஹீட்டர் (தண்ணீருக்குள் அமிழ்ந்து நிற்கும் கரண்ட் ஹீட்டர்) போடும் துளை அதில் இருக்கிறதா என்று உறையைத் தொடாமல் பாருங்கள். இருந்தால், விறகு நனைந்த நாளுக்கு அது கைகொடுக்கும். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, அந்தச் சிவப்புச் சக்கர வால்வு எந்தப் பைப்பில் இருக்கிறது என்று கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.